சின்னக் கார் எங்கே போயிற்று?

கேரம் விளையாடியிருப்பீர்கள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டி, நிற்கும் காய் ஒன்றை நேராக அடிக்கிறீர்கள். காய் விர்ரென்று ஓடுகிறது. ஸ்ட்ரைக்கரோ வேகம் சற்றுக் குறைந்து, அதே திசையில் தொடர்ந்து நகருகிறது. மோதல் ஒன்றுதான், ஆனால் கனமானதற்கு மாற்றம் குறைவு, இலேசானதற்கு மாற்றம் அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சாலைகளில் நேர்ந்த ஒரு பெரிய மாறுதலைப் புரிந்துகொள்ள இது உதவும்.

2016ஆம் ஆண்டில் ஃபியட் கிரைஸ்லர் கம்பெனி தன் 'டார்ட்', '200' ஆகிய இரு கார்களின் உற்பத்தியை நிறுத்தியது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி, 'மஸ்டாங்' நீங்கலாக மற்ற சாதாரணக் கார்களை வட அமெரிக்காவில் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தது. 2019 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ், ஓஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுன் ஆலையில் 'குரூஸ்' காரைக் கட்டுவதை நிறுத்தியது. இவற்றின் இடத்தைப் பிடித்தவை பின்புறம் திறந்த பிக்கப் வண்டிகளும், உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளும்.

சின்னக் கார் பௌதிகத்தின் தேர்வில் தோற்றதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்ரோல் கணக்கு

1,200 கிலோகிராம் நிறையுள்ள சின்னக் கார் ஒன்றையும், 2,400 கிலோகிராம் நிறையுள்ள பிக்கப் வண்டி ஒன்றையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சமதளச் சாலையில் செல்கின்றன. வேகம் மாறாதபோது எஞ்சின் இரண்டு எதிர்ப்புகளைச் சமாளிக்க வேண்டும். ஒன்று, டயரின் உருளல் உராய்வு. இது எடையைப் பொறுத்தது. மற்றொன்று காற்றுத் தடை. இது வண்டியின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் பொறுத்தது.

ஏறத்தாழ இப்படி வரும்: சின்னக் காருக்கு உராய்வு 120 நியூட்டன், காற்றுத் தடை 300 நியூட்டன், மொத்தம் 420. பிக்கப் வண்டிக்கு உராய்வு 240, காற்றுத் தடை 550, மொத்தம் 790. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. ஆகவே 100 கிலோமீட்டர் செல்லக் காருக்கு 42 மெகா ஜூல், பிக்கப்புக்கு 79 மெகா ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் ஆற்றல் உண்டு. அதில் கால் பங்கே சக்கரத்தை அடைவதாகக் கொண்டால், காருக்கு 5 லிட்டருக்குச் சற்று மேல்; பிக்கப்புக்கு 10 லிட்டர். இந்தத் தேர்வில் வென்றது சின்னக் கார்தான். பிறகு ஏன் அது மறைந்தது?

சட்டத்தின் கணக்கு

1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபின், 1975இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஒரு கம்பெனி விற்கும் வண்டிகள், சராசரியாக ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டராவது ஓட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் கார்களுக்கு ஓர் அளவு, இலகு ரகச் சரக்கு வண்டிகளுக்கு வேறோர் அளவு என்று வைத்தார்கள். 1996 முதல் 2004 வரை காருக்கு வேண்டிய சராசரி லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர். சரக்கு வண்டிக்கு 8.8 கிலோமீட்டர்தான். விவசாயியும் தச்சரும் தொழிலுக்கு ஓட்டும் வண்டிக்குச் சலுகை வேண்டும் என்பது நியாயமே. ஆனால் உயரமான அடித்தளமும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட குடும்ப எஸ்.யூ.வி.யும் இதே பட்டியலில் நுழைந்துவிட்டது!

இன்னொரு வேலியும் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாக, 1964 முதல் வெளிநாட்டு இலகு ரகச் சரக்கு வண்டிகள் மீது அமெரிக்கா 25 சதவீத இறக்குமதி வரி விதித்தது. கோழிச் சண்டை ஓய்ந்த பிறகும் அந்த வரி நீடித்தது. போட்டி குறைந்த இடத்தில் லாபம் மிகுதி. கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

மோதலின் கணக்கு

வாங்குகிறவர் ஏன் சாய்ந்தார்? உயரமான இருக்கை, தாராளமான இடம் என்று பல காரணங்கள். 'பெரிய வண்டி பத்திரமானது' என்ற எண்ணமும் அவற்றுள் ஒன்று. இது உண்மையா?

நம் இரு வண்டிகளும் வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உந்த அழிவின்மை விதிப்படி, மொத்த உந்தம் 2,400 × 15 – 1,200 × 15 = 18,000. இதை மொத்த நிறை 3,600 ஆல் வகுத்தால் 5. அதாவது மோதியபின் இரண்டும் பிக்கப் வந்த திசையிலேயே வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நகரும். பிக்கப்பின் திசைவேக மாற்றம் 15 – 5 = 10. காரோ நின்றதோடு தப்பவில்லை. 5 மீட்டர் வேகத்தில் பின்னோக்கியும் தள்ளப்படுகிறது. அதன் மாற்றம் 15 + 5 = 20. மோதல் நேரம் இரண்டுக்கும் ஒன்றே. எனவே காரில் இருப்பவர் இரு மடங்கு கடுமையான அதிர்ச்சிக்கு ஆளாகிறார். கேரம் காயின் கதைதான்!

ஆகவே பெரிய வண்டி வாங்கியவரின் எண்ணம் முழுப் பொய்யன்று. ஆனால் இரண்டு சமமான கார்கள் மோதியிருந்தால் ஒவ்வொன்றின் மாற்றமும் 15 ஆக இருந்திருக்கும். பிக்கப்பில் இருப்பவருக்கு 5 குறைந்தது. காரில் இருப்பவருக்கு 5 கூடியது. ஒருவர் பெற்ற பாதுகாப்பு இன்னொருவரிடமிருந்து வந்தது.

காரில் இருப்பவரும் அஞ்சி ஒரு பிக்கப் வாங்குகிறார் என்று கொள்வோம். இப்போது 2,400 கிலோகிராம் வண்டிகள் இரண்டு மோதுகின்றன. கணக்குப் போடுங்கள். மாற்றம் மறுபடியும் 15, 15! புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். ஆனால் இருவரும் செலவிடும் பெட்ரோல் ஏறக்குறைய இரு மடங்கு.

நடந்து போகிறவர்

இந்தக் கணக்கில் சேராதவர் ஒருவர் உண்டு. அவர் நடந்து போகிறவர்; அவரால் தம் நிறையைக் கூட்டிக்கொள்ள முடியாது. தாழ்ந்த, சாய்ந்த முகப்புள்ள கார் பொதுவாகக் காலில் மோதும். உயர்ந்து செங்குத்தாக நிற்கும் முகப்போ மார்பிலும் தலையிலும் மோதும். முகப்பு சுமார் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால் மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்து சாய்ந்த முகப்புள்ள கார்களைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று 2023இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்நாட்டில் 2009இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் சுமார் 4,100 பேர். 2022இல் 7,500 பேருக்கும் மேல். வேகமும் வெளிச்சக் குறைவும் போன்ற வேறு காரணங்களும் இதில் உண்டு. ஆயினும் முகப்பின் பங்கை ஒதுக்கிவிட முடியாது.

பரிகாரமும் பௌதிகத்திலேயே இருக்கிறது. 2003இல் கம்பெனிகள் தாமாக ஓர் உடன்பாடு செய்துகொண்டு, பெரிய வண்டிகளின் முன்சட்டங்களைக் காரின் முன்சட்டங்களோடு பொருந்தும் உயரத்துக்கு இறக்கின. அதன்பின் காரில் இருப்பவர்களுக்கு இருந்த ஆபத்து குறைந்தது. முகப்பையும் அவ்வாறே தாழ்த்திச் சாய்க்கலாம். விதி எழுதுகிறவர்கள், வண்டிக்குள் இருப்பவரோடு வெளியே இருப்பவரையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அவ்வளவே.

உங்களுக்கு ஒரு கணக்கு: 1,000 கிலோகிராம் காரும் 3,000 கிலோகிராம் வண்டியும் அதே 15 மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டின் திசைவேக மாற்றங்கள் எவ்வளவு? காரின் மாற்றம் மூன்று மடங்காக வருகிறதா என்று பாருங்கள். பிறகு, நீங்கள் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் சாலையை எண்ணிப் பார்த்து, அங்கே ஸ்ட்ரைக்கர் யார், காய் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள்.