தரவும் தீர்மானமும்: கல்வித் திட்டமிடலில் புள்ளிவிபர முறை



தர்க்கவியலும் விஞ்ஞானமுறையும் பாடத்தில் புள்ளிவிபர முறை பற்றிய வினா வந்தால், எம்மிற் பலர் இடை, இடையம், ஆகாரம் என்பவற்றின் வரைவிலக்கணங்களை எழுதிவிட்டு நின்றுவிடுகின்றனர். அதற்குப் பாதிப் புள்ளிதான் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து என்ன தீர்மானம் எடுக்கலாம், என்ன தீர்மானம் எடுக்கக் கூடாது என்று எழுதினாலே மீதிப் புள்ளி. இதனை நீங்கள் படிக்கும் பாடசாலையிலிருந்தே தொடங்கி நோக்குவோம்.

நீர்வேலியிலுள்ள பாடசாலைகள் கோப்பாய்க் கோட்டத்தையும் யாழ்ப்பாணக் கல்வி வலயத்தையும் சேர்ந்தவை. யாழ் மாவட்டத்தில் இதனுடன் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உள்ளன. ஆண்டுதோறும் பாடசாலைத் தொகைமதிப்புப் படிவத்தில் அதிபர்கள் மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, கட்டட வசதி முதலியவற்றை நிரப்பி அனுப்புகின்றனர். ஆசிரியர் நியமனம், இடமாற்றம், கட்டட நிதி என்பன பற்றித் தீர்மானிக்க இத்தரவுகள் உதவுகின்றன.

இப்போது ஓர் உதாரணம் (எண்கள் விளக்கத்திற்காக எடுக்கப்பட்டவை). ஒரு பாடசாலையில் 40 மாணவர், 8 ஆசிரியர். இன்னொன்றில் 600 மாணவர், 24 ஆசிரியர். இரண்டையும் சேர்த்தால் 640 மாணவருக்கு 32 ஆசிரியர். அதாவது ஆசிரியர் ஒருவருக்கு 20 மாணவர். அறிக்கையில் இது அழகான எண். ஆனால் முதற் பாடசாலையில் விகிதம் 5, இரண்டாவதில் 25. இருபது என்ற நிலை இரண்டில் எங்குமே இல்லை! மேலும், அந்த எட்டு ஆசிரியருள் கணித ஆசிரியர் ஒருவரும் இல்லாதிருக்கலாம். “ஆசிரியர் மிகை” என்று ஒருவரை இடமாற்றும் கடிதம் வரும். பிள்ளைகளோ கணிதத்திற்கு ரியூசனை நம்பியிருப்பர். ரியூசன் ஆசிரியர் நானே இதைச் சொல்வது வேடிக்கைதான்.

அடுத்து, உங்களை நேரடியாகத் தொடும் விடயத்திற்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியில் 1974 இல் மாவட்டப் பங்கீடு புகுத்தப்பட்டது. முறை பலதடவை மாறியது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 நூற்றுவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 நூற்றுவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 நூற்றுவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றது. மாவட்டத்தின் பங்கு அதன் குடித்தொகையைப் பொறுத்தது. ஆகவே குடிசன மதிப்பீட்டில் உங்கள் வீட்டாரின் பெயர் பதியப்பட்டதா என்பதும் அனுமதிக் கணக்கின் ஒரு பகுதியே.

1981 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் குடித்தொகை சுமார் 1 கோடி 48 இலட்சம். இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் சுமார் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தனர். (கிளிநொச்சி 1984 இலேயே தனி மாவட்டமாயிற்று.) 1991 இல் கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. 2012 இலேயே மீண்டும் முழுமையாக எண்ணப்பட்டோம். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் போர், இடம்பெயர்வு, புலம்பெயர்வு எல்லாம் நடந்து முடிந்தன. 2012 இல் நாடு சுமார் 2 கோடி 3 இலட்சம். யாழ் மாவட்டம் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம்.

கணித்துப் பாருங்கள். 1981 இல் எமது பங்கு ஏறத்தாழ 5 நூற்றுவீதம். 2012 இல் ஏறத்தாழ 2.9 நூற்றுவீதம். மாவட்ட அடிப்படையில் 1000 இடங்கள் பங்கிடப்படுவதாகக் கொண்டால், முதற் கணக்கின்படி 50 இடம், இரண்டாவதன்படி 29 இடம். பழைய எண்ணைப் பயன்படுத்தினால் பிற மாவட்டத்தாருக்கு அநீதி. புதிய எண்ணைப் பயன்படுத்தினால், போரினால் ஊரை இழந்த மாவட்டம் இடங்களையும் இழக்கின்றது. சூத்திரத்தில் பிழையில்லை. எந்த ஆண்டின் எண்ணை எடுப்பது நீதி என்பதைச் சூத்திரம் சொல்லாது. அதனை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இனி இசட் புள்ளி. இது 2001 இல் நடைமுறைக்கு வந்தது. பெற்ற புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பதே முறை. ஒரு பாடத்தில் இடை 60, நியம விலகல் 10 எனின் 70 பெற்றவரின் இசட் புள்ளி 1. வேறொன்றில் இடை 40, நியம விலகல் 8 எனின் 56 பெற்றவருக்கு 2. குறைந்த புள்ளி பெற்றவரே தம் பாடத்தில் மேலே நிற்கின்றார். பாடங்களின் கடினம் வேறுபடுவதால் இம்முறை நியாயமானது.

ஆனால் இடை எந்தத் தொகுதியினுடையது என்பது முக்கியம். 2011 உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்ட மாணவரும் புதிய பாடத்திட்ட மாணவரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையளித்தனர். இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கொண்டு இசட் புள்ளி கணிக்கப்பட்டது. விடயம் நீதிமன்றம் சென்றது. 2012 யூனில் உயர் நீதிமன்றம் அக்கணிப்பை இரத்துச் செய்து, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்கப் பணித்தது. எமது வாழைக்குலைச் சந்தையில் கதலிக்கும் இதரைக்கும் ஒரே விலை பேசுவார் உண்டோ?

மாதிரி வினா: “ஒரு வலயத்தின் சராசரி ஆசிரியர் - மாணவர் விகிதம் திருப்தியானது, ஆகவே அவ்வலயத்துக்குப் புதிய ஆசிரியர் தேவையில்லை.” இவ்வாதத்தை மதிப்பிடுக. (10 புள்ளிகள்)

விடைக்குறிப்பு: சராசரி மறைக்கும் பரம்பலைக் கூறுக (3). பாடவாரித் தரவு இல்லாமையைச் சுட்டுக (3). தரவு எடுக்கப்பட்ட திகதிக்குப் பின் நிகழ்ந்த இடமாற்றம், ஓய்வு என்பவற்றைக் குறிப்பிடுக (2). முடிவு எடுகூற்றிலிருந்து பெறப்படாமையைத் தர்க்கவியல் மொழியில் எழுதுக (2). இறுதி இரண்டு புள்ளிகளையும் பலர் விட்டுவிடுகின்றனர்.