ஏடு காத்த பாலவநத்தம் ஜமீன்தார்

இராமநாதபுரம், இராமேசுவரம் என்றதும் சேது நீராடலும் நெடிய பிராகாரமுமே நம் நினைவிற்கு வருகின்றன. அக்கடற்கரைச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் மரபில் வந்த சைவர் ஒருவர், சமண நூலும் அச்சேற வழி செய்தார் என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. அவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 1867இல் பிறந்தவர். இவர்தம் தந்தையார் பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்கு உதவிய வள்ளல்.

ஒருமுறை மதுரையில் சொற்பொழிவு ஆற்ற விரும்பிய தேவர், திருக்குறளும் கம்பராமாயணமும் கொணரச் சொன்னாராம். சங்கம் வளர்ந்ததாகப் போற்றப்படும் அந்நகரில் அவை கிடைக்கவில்லை என்பர். அந்த வருத்தம் அவரை விடவில்லை. 1901 மே மாதம் மதுரையில் சென்னை மாகாண அரசியல் மாநாடு கூடியபோது, தமிழ்ச் சங்கம் வேண்டும் என்னும் கருத்தை அங்கேயே எடுத்துரைத்தார். அரசியல் பேசக் கூடிய அவையில் ஏட்டுச்சுவடிக்காகப் பேசத் துணிவு வேண்டும். அவ்வாண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரைத் தமிழ்ச் சங்கம் தோன்றியது. கல்லூரி, பாண்டியன் புத்தகசாலை, அச்சகம், 1902 முதல் ‘செந்தமிழ்’ இதழ் எனப் பணிகள் விரிந்தன.

சங்கப் பதிப்புகளுள் நேமிநாதமும் ஒன்று. களந்தைக் குணவீர பண்டிதர் இயற்றிய இவ்விலக்கணம், மயிலாப்பூரில் எழுந்தருளியிருந்த நேமிநாத தீர்த்தங்கரரின் திருப்பெயர் பூண்டது. அக்கோயில் இன்று இல்லை, நூல் இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த பௌத்த காப்பியமாகிய மணிமேகலைக்கும் தேவர் பொருளுதவி செய்தார். சமயம் பார்த்து அவர் ஏடு காத்திலர்.

இன்னொரு செய்தியும் வழங்குகிறது. ஸ்காட் என்னும் ஆங்கிலேயர், எதுகை பொருந்தவில்லை என்று குறட்பாக்களைத் தம் விருப்பப்படி திருத்தி அச்சிட்டார். தேவர் அப்பிரதிகளை விலைக்கு வாங்கி அழித்துவிட்டாராம். குறளை அருகன் நெறி நூலாகப் போற்றும் நமக்கு இது மகிழ்ச்சி தருவதே. எனினும் ஒரு பிரதியேனும் காட்சிக்கு வைத்திருக்கலாம் என்றும் எண்ணுகிறோம். பாடத்தைத் திரிப்பது எப்படி என்பதைப் பிற்காலத்தார் அதனைக் கண்டு தெரிந்துகொண்டிருப்பர்.

1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் தேவரே தலைவர். ஆயினும் அவர் மனம் நூல்களிலேயே நின்றது. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தொகுத்தும் அச்சிட ஆளின்றி வைத்திருந்த அபிதான சிந்தாமணியைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே 1910இல் வெளிவரச் செய்தார். மறு ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தம் நாற்பத்து நான்காம் வயதில் தேவர் மறைந்தார்.