உடலுக்குள் பார்க்கும் கருவிகள் – எது எதைக் காட்டும்?

மருத்துவர் சீட்டில் "சோனோகிராபி" என்றோ "சி.டி." என்றோ எழுதிக் கொடுத்துவிட்டால், நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழுவதைக் காணலாம். "எதற்கு வீண் செலவு? நாலு நாள் கஷாயம் குடித்தால் சரியாகிவிடும்" என்பது ஒன்று. "எடுப்பதுதான் எடுக்கிறோம், பெரிய ஸ்கேனாகவே எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்" என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. ஒவ்வொரு கருவியும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். எந்தக் கேள்விக்கு எந்தக் கருவி என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் வீண் செலவும் குறையும், வீண் தாமதமும் குறையும். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. கருவி எப்படி வேலை செய்கிறது என்று சொல்வது என் போன்ற பொறியியல்காரனாலும் முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்ரே – நிழல் படம்

1895-ம் ஆண்டு நவம்பர் 8-ம் நாள் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல், அவ்வளவுதான். சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு கதிரை அதிகம் தடுப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பில் வெள்ளைத் திட்டு தென்பட்டால், காற்று இருக்க வேண்டிய இடத்தில் சளியோ, சீழோ, கட்டியோ இருக்கிறது என்று பொருள்.

மும்பையில், அதிலும் காற்றோட்டமில்லாத சிறிய அறைகளில் பலர் சேர்ந்து வாழும் தாராவி போன்ற பகுதிகளில், காசநோய் இன்றும் பெரிய பிரச்சினை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு இருந்தால் மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். ஆனால் எக்ஸ்ரே "இங்கே நிழல் இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும். அது யாருடைய நிழல் என்று சொல்லாது. பழைய காச வடுவும், நிமோனியாவும், புற்றுநோயும் சில சமயம் ஒன்றுபோலவே தெரியும். கிருமியைக் காட்டிக் கொடுப்பது சளிப் பரிசோதனைதான். ஆகவே எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தை ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் கூடாது. இந்தப் பரிசோதனையும் மருந்தும் அரசுத் திட்டத்தில் இலவசம். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது.

சோனோகிராபி – எதிரொலிப் படம்

ஊரில் வெறுமனே "ஸ்கேன்" என்பதை இங்கே நாம் சோனோகிராபி என்கிறோம். காதுக்குக் கேட்காத நுண்ணொலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரைவது இதன் முறை. ரயில்வேயில் தண்டவாளத்தின் உள்ளே இருக்கும் விரிசலைக் கண்டுபிடிப்பதும் இதே முறையில்தான். தள்ளுவண்டி போன்ற ஒரு கருவியைத் தண்டவாளத்தின் மேல் உருட்டிச் செல்வார்கள். நேராக ஒலியை அனுப்பும் முனை, படுக்கைவாட்டு விரிசலைக் காட்டும். குறுக்கு விரிசலை அது தவறவிட்டுவிடும். அதற்கு 70 டிகிரி சாய்வில் ஒலியை அனுப்பும் வேறொரு முனை வேண்டும். ஒரே தண்டவாளம்தான், பார்க்கும் கோணம் மாறினால் தெரியும் குறையும் மாறுகிறது. மருத்துவப் படங்களுக்கும் இது பொருந்தும்.

வயிற்றின் மேல் குளிர்ச்சியான ஒரு பசையைத் தடவுகிறார்களே, அது எதற்கு? நுண்ணொலி காற்றைத் தாண்டிப் போகாது. முனைக்கும் தோலுக்கும் நடுவே காற்று இல்லாமல் செய்யவே அந்தப் பசை. தண்டவாளத்தில் அதற்குத் தண்ணீரைப் பயன்படுத்துவார்கள். காற்றைத் தாண்டாது என்பதால்தான் நுரையீரலின் உட்புறத்தையும், வாயு நிறைந்த குடலையும் சோனோகிராபியில் சரியாகப் பார்க்க முடிவதில்லை.

அழற்சி, அதாவது உள்வீக்கம், எப்படித் தெரிகிறது? குடல்வால் வீக்கத்தை எடுத்துக்கொள்வோம். வலது அடிவயிற்றில் முனையை வைத்து மெல்ல அழுத்துவார்கள். நல்ல குடல்வால் அழுத்தத்துக்கு நசுங்கும். வீங்கிய குடல்வால் நசுங்காது. அதன் குறுக்களவும் பெரும்பாலும் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். சந்தேகம் தீராவிட்டால் சி.டி. எடுப்பார்கள். இந்த "நசுங்குகிறதா" என்ற எளிய சோதனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு அதுதான் அடிப்படை.

காலில் ரத்தக்கட்டி

பேச்சு வழக்கில் நாம் "நரம்பு" என்று சொல்வதில் பாதி உண்மையில் ரத்தக்குழாய். காலிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் குழாய்க்குச் சிரை என்று பெயர். கெண்டைக்கால் தசை ஒரு பம்பு மாதிரி; நடக்கும்போது அது சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. காலை அசைக்காமல் வெகுநேரம் இருந்தால் ரத்தம் தேங்கி, உறைந்து, ஆழத்தில் உள்ள சிரையில் கட்டியாகலாம். அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர்கள், காலில் மாவுக்கட்டு போட்டவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விமானம் மட்டுமல்ல, ரயிலும் பஸ்ஸும் அதில் அடக்கம். ஆரோக்கியமானவர்களுக்கு இது அபூர்வம்தான். அந்த ஆய்வின்படி 6000 பேரில் ஒருவருக்கு. ஆனால் மும்பையிலிருந்து நாகர்கோவில் வரை ஒரு நாளுக்கும் மேலாகப் பயணம் செய்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் அவ்வப்போது எழுந்து நடப்பதும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் செலவில்லாத வைத்தியம்.

அறிகுறி என்ன? பெரும்பாலும் ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைக்காலில் வலி இருக்கும், தொட்டால் சூடாக இருக்கும். நம் வீடுகளில் இதற்கு முதலில் செய்வது என்ன? "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து, அழுத்தி நீவி விடுவது. இதைத்தான் செய்யக் கூடாது. கட்டி இடம் பெயர்ந்தால் இதயத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே குழாயை அடைத்துவிடும். திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுத்தால் மார்பில் குத்து வலி, இருமலில் ரத்தம், மயக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். இது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காலில் கட்டி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது. சோனோகிராபி முனையால் சிரையை அழுத்துவார்கள். நல்ல சிரை முழுவதும் நசுங்கிவிடும். உள்ளே கட்டி இருந்தால் நசுங்காது. கூடவே "டாப்ளர்" முறையில் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள். ஒலி எழுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் சுருதி ஏறும், விலகிப் போனால் இறங்கும் என்று ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாப்ளர் 1842-ல் சொன்ன தத்துவம் இது. 1845-ல் ஹாலந்தில் ஓடும் ரயிலில் எக்காளக்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ரயில் விசில் நம்மைக் கடக்கும்போது சுருதி மாறுவதை யாரும் கேட்டிருப்போம். ஓடும் ரத்த அணுக்களிலிருந்து வரும் எதிரொலியும் அப்படியே மாறுகிறது. ஓட்டம் இல்லாத இடத்தில் மாற்றமும் இல்லை.

டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. கட்டிக்கான வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் கருதும் ஒருவருக்கு அது சரியாக இருந்தால், கட்டி இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அதிகமாக இருந்தால் மட்டும் கட்டி என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சலிலும், கர்ப்பத்திலும், அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் அது கூடும்.

சி.டி. – கணக்குப் படம்

நுரையீரல் குழாயில் அடைப்பு என்று சந்தேகித்தால், கையில் அயோடின் கலந்த மருந்தை ஏற்றி சி.டி. எடுப்பார்கள். மருந்து கலந்த ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அடைத்த இடத்தில் கட்டி கருமையாகத் தெரியும். சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, சர்க்கரை நோய் மாத்திரை ஆகியவை பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சி.டி. என்பது பல திசைகளிலிருந்து எக்ஸ்ரே எடுத்து, கணக்குப் போட்டு உள்ளே இருப்பதை வெளிக்கொணர்வது. பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள். நான்கு கட்டங்களில் நான்கு எண்கள் ஒளிந்திருக்கின்றன. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசை 9, இடது பத்தி 6, வலது பத்தி 8. எண்கள் என்ன? மேலே 2, 3, கீழே 4, 5 என்றாலும் சரியாக வரும். மேலே 1, 4, கீழே 5, 4 என்றாலும் சரியாக வரும். ஆக இரண்டு திசை போதவில்லை. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குக் குறுக்காகக் கூட்டினால் 7 என்று மூன்றாவது திசையிலும் தெரிந்தால் 2, 3, 4, 5 என்ற ஒரே விடைதான் மிஞ்சும். சி.டி. இயந்திரம் நூற்றுக்கணக்கான திசைகளில் அளந்து, லட்சக்கணக்கான கட்டங்களுக்கு விடை காண்கிறது.

முதல் நோயாளிக்கு சி.டி. எடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1-ம் நாள், லண்டனில். கருவியைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டும், கணித வழியைக் காட்டிய கார்மாக்கும் 1979-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே 1971-ல் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் இந்தக் கணக்கைச் சுலபமாகவும் விரைவாகவும் போடும் ஒரு முறையை அமெரிக்க அறிவியல் கழகத்தின் இதழில் வெளியிட்டார்கள். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை வளர்த்தவர். கொலாஜன் என்ற புரதம் முப்புரியாக முறுக்கிய அமைப்புடையது என்று கண்டவரும் அவரே. பின்னர் வந்த சி.டி. இயந்திரங்கள் இவர்களுடைய முறையைச் சார்ந்த கணக்கையே பின்பற்றின. அதில் வரும் வடிகட்டிக்கு உலகெங்கும் "ராம்-லாக்" என்று பெயர். இரண்டு பெயர்களின் சுருக்கம் அது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

டிராம்பேயிலிருந்து பரேலுக்கு

இதுவரை சொன்னவை உறுப்பின் வடிவத்தைக் காட்டுபவை. உறுப்பு வேலை செய்கிறதா என்று காட்டுவது அணு மருத்துவம். செம்பூரில் இருப்பவர்களுக்கு டிராம்பே அடுத்த வீடு மாதிரி. அங்கே 1956 ஆகஸ்ட் 4-ல் "அப்ஸரா" அணு உலை இயங்கத் தொடங்கியது. 1963-ல் பரேலில் கதிரியக்க மருத்துவ மையம் நிறுவப்பட்டது. இன்றும் அது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓர் அங்கமாக டாடா நினைவு மருத்துவமனையின் இணைக் கட்டடத்தில் இயங்குகிறது. இந்தியாவில் "பெட்" ஸ்கேன் முதன்முதலில் 2002-ல் இங்குதான் வந்தது.

இம்முறையில் சிறிதளவு கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தி, அது எங்கே போகிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறார்கள். அதிகம் பயன்படுவது டெக்னீசியம்-99எம். 6 மணி நேரத்தில் பாதியாகவும், 12 மணி நேரத்தில் காலாகவும் குறைந்து, ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். நுரையீரலில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க, காற்று போகும் இடத்தை ஒரு படமாகவும், ரத்தம் போகும் இடத்தை மற்றொரு படமாகவும் எடுப்பார்கள். காற்று போகிறது, ரத்தம் போகவில்லை என்றால் அங்கே அடைப்பு. அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது நல்ல மாற்று.

பெட் ஸ்கேனில் கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையைச் செலுத்துகிறார்கள். சர்க்கரையை அதிகம் தின்னும் இடம் பிரகாசிக்கும். புற்றுநோய் அப்படித் தின்னும், அழற்சியும் தின்னும், காசமும் தின்னும். ஆகவே பெட் படத்தில் ஓர் இடம் பிரகாசித்தால் புற்றுநோய் என்று வீடே அழ வேண்டியதில்லை. சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்த பிறகுதான் முடிவு. காரணம் தெரியாத நீண்ட காய்ச்சலில் அழற்சி எங்கே இருக்கிறது என்று தேடவும் இதே ஸ்கேன் உதவுகிறது.

கதிர் பயமும் எச்சரிக்கையும்

மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கதிர் இயற்கையாகவே கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில், மோனசைட் மணலில் உள்ள தோரியத்தால் இது இன்னும் கூடுதல். ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1-க்கும் குறைவு. மார்பு சி.டி. சுமார் 7. எனவே எக்ஸ்ரேக்குப் பயப்பட வேண்டாம், சி.டி.யைக் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கவும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்றாலோ முன்பே சொல்ல வேண்டும்.

சோனோகிராபியிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர் இல்லை. மூளை, முதுகுத்தண்டு, மூட்டு, முதுகெலும்புக் காசம் ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. சிறந்தது. ஆனால் அதன் காந்தம் எந்நேரமும் வேலை செய்துகொண்டே இருக்கும். 2018-ல் மும்பையிலேயே ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டருடன் அந்த அறைக்குள் போனவர் உயிரிழந்தார். இரும்புச் சாமான் எதையும் கொண்டு போகக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. "இந்தப் படத்தினால் என்ன தெரியவேண்டும்? தெரிந்தால் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

2. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் நீவாதீர்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. திடீர் மூச்சுத் திணறலுக்குக் காலை வரை காத்திருக்காதீர்கள்.

4. பழைய படங்களையும் அறிக்கைகளையும் தேதிவாரியாக ஓர் உறையில் வையுங்கள். ஊருக்குப் போகும்போதும் கூடவே கொண்டு போங்கள். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நிழல் புதியதா, பழைய வடுவா என்று தெரியும். இன்னொரு தடவை படம் எடுக்கும் செலவும் மிச்சமாகும்.