வன்தட்டு ‘டக் டக்’ என்றால்...

கிளையின் பத்து வருடத் திருவிழாப் படங்கள், தேவார வகுப்புப் பதிவேடு, எல்லாம் ஒரே வன்தட்டில். ஒருநாள் அது ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் என்ன செய்வீங்க? திரும்பத் திரும்ப ஆன் பண்ணிப் பார்ப்போம், இல்லையா? அதுதான் தப்பு.

உள்ளே சுழலும் தட்டுக்கு மேல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு! பெரும்பாலும் முனை பழுதானால்தான் அந்தச் சத்தம் வரும். மேலும் ஓடவிட்டால் தட்டையே கீறிவிடும். கீறிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். உடனே மின்சாரத்தை நிறுத்துங்க. ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள் சிலர். வேண்டாம், ஈரம் படியும். மூடியைத் திறக்கவும் கூடாது. அது தூசியில்லா அறையில் நிபுணர்கள் செய்யும் வேலை. செலவும் கொஞ்சநஞ்சமல்ல.

சத்தமில்லை, படிக்க மட்டும் திணறுகிறதா? லினக்சில் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச நிரல் உண்டு. நல்ல பகுதிகளை முதலில் நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு வரும். நகலை வேறொரு வன்தட்டில் எழுதுங்க. கோப்புகளைத் தேடி எடுக்கும் வேலையெல்லாம் அந்த நகலில்தான். அது எழுதும் குறிப்புக் கோப்பையும் பத்திரமா வச்சுக்குங்க. பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.