முதல் தவணை கட்ட முன்

உயர்தரப் பெறுபேறு வந்து ஒரு கிழமை போகாது, திருகோணமலைப் பாலையூற்றில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்குக் கொழும்பிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "இந்த மாசத்துக்குள்ள பதிஞ்சா கழிவு இருக்கு அம்மா" என்பார்கள். தனியார் கம்பஸ் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. அங்கே படித்து நல்ல உத்தியோகம் பார்க்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் காசு கட்ட முன் பார்க்கவேண்டியதைப் பாருங்கள், தம்பி தங்கச்சிமாரே.

1. வெட்டுப்புள்ளி வரும்வரை பொறுங்கள். பெறுபேறு வந்து சில மாதம் கழித்துத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை வெளியிடும். தகுதி பெறுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகம் கிடைக்கிறது, உண்மை. ஆனால் பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் 16இல் திருகோணமலையும் ஒன்று. கொழும்புப் பிள்ளைக்குப் போதாத புள்ளி உங்களுக்குப் போதலாம். ஆகவே விண்ணப்பத்தில் தெரிவுகளைக் கடைசிவரை நிரப்புங்கள். பெரிய படிப்பு நாலைந்தைப் போட்டுவிட்டு நிறுத்துகிற பிள்ளைக்கு, கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகம் கண்ணிலேயே படுவதில்லை.

2. உயர்தரப் பரீட்சையை மூன்று தரம் எழுதலாம். ஒரு தரம் எழுதிவிட்டு வாழ்க்கை முடிந்தது என்று வீட்டில் யாரும் அழவேண்டாம்.

3. பட்டத்தை யார் கொடுக்கிறார்கள், அதை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். கட்டிடத்தையும் நீச்சல் தடாகத்தையும் பிறகு பார்க்கலாம். மாலபே தனியார் மருத்துவக் கல்லூரியின் கதை தெரியும்தானே? சைட்டம் என்று பேப்பரில் நாளும் வந்தது. பட்டம் வழங்க அரசு 2011இல் அதற்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் மருத்துவ சபை அந்தப் பட்டதாரிகளைப் பதிய மறுத்தது. பதியச் சொல்லி 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டொக்டர்மார் வேலைநிறுத்தம், மாணவர் ஊர்வலம், கண்ணீர்ப்புகை. அந்த வருடமே கல்லூரியை இல்லாமல் செய்வதாக அரசு அறிவித்து, பிறகு பிள்ளைகளைக் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியது. உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல்தான் பதிவு விஷயம் முடிவுக்கு வந்தது. படித்தது பிள்ளைகள், கட்டியது பெற்றோர், சண்டை பிடித்தது வேறு ஆட்கள். அரசு கொடுத்த அனுமதி ஒன்று, தொழில் சபை கொடுக்கிற பதிவு இன்னொன்று. மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் எதுவானாலும் அந்தந்தச் சபையிடம் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால், அந்தப் பல்கலைக்கழகம் உலகப் பல்கலைக்கழகங்களின் கையேட்டிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ இருக்கிறதா என்று மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். அரச வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

4. ஒரு கொப்பித் தாளை எடுத்து நாலு வருடத்துக்கு நாலு நிரல் போடுங்கள். பாடக் கட்டணம், பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், தவறினால் திரும்ப எழுதுகிற காசு. அதற்குக் கீழே மாலபேயிலோ ஹோமாகமவிலோ போடிங், சாப்பாடு, மடிக்கணினி, லீவுக்கு வந்துபோகிற பஸ் காசு. விளக்கக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "கட்டணங்கள் மாற்றத்துக்குட்பட்டவை" என்று இருக்கும். "பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்றும் இருக்கும். அரச இடம் கிடைத்து நீங்கள் விலகினால் எவ்வளவு திரும்பிவரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தில் ஒரு பகுதி பவுணிலா டொலரிலா என்றும் கேளுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஆனபோது, பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகளின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

5. முதல் தவணையை எப்படியும் புரட்டலாம். நகையை ஈடு வைக்கலாம், சீட்டு எடுக்கலாம், கட்டாரில் இருக்கிற அண்ணா அனுப்புவார். கடைசித் தவணை எங்கிருந்து வரும் என்று இன்றைக்கே சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் தொடங்காதீர்கள். இரண்டரை வருடம் படித்து நின்ற படிப்பை எந்த வேலை விளம்பரமும் கேட்பதில்லை. இடையில் விலகினால் டிப்ளோமாவாவது கையில் தருவார்களா என்பதையும் கேட்டுவையுங்கள். வீட்டுக் காணி உறுதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் தொடவேண்டாம். தங்கச்சிமாருக்கும் அந்தக் காணிதான்.

6. அரசின் வட்டியில்லாக் கல்விக் கடன் 2017இலிருந்து இருக்கிறது. அங்கீகரித்த நிறுவனங்களின் அங்கீகரித்த பாடநெறிகளுக்கு மட்டும்தான். வட்டியைத்தான் அரசு பார்க்கும், முதலை நீங்கள் கட்டவேண்டும்.

7. மலிவான வழிகளை மட்டமாக நினைக்காதீர்கள். திருகோணமலையிலேயே உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கட்டணமில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் 2000இலிருந்து நடக்கிறது. வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதலாம். திறந்த பல்கலைக்கழகமும் உண்டு. கணக்கில் கெட்டிக்காரர் பட்டமே இல்லாமல் பட்டயக் கணக்காளர் பரீட்சைக்குப் போகலாம். இவற்றில் யாரும் உங்களைத் துரத்திப் படிப்பிக்கமாட்டார்கள், அதுதான் சிக்கல். தானாக எழும்பிப் படிக்காத பிள்ளைக்குத் தினமும் வகுப்பு நடக்கிற தனியார் கம்பஸ் உண்மையிலேயே உதவும். உங்களைப்பற்றி உங்களுக்குத்தானே தெரியும்.

8. ஆங்கிலம். தனியார் கம்பஸில் விரிவுரை முழுக்க ஆங்கிலத்தில்தான். பதிய முன் ஆறு மாதம் ஆங்கிலத்துக்கென்று செலவழியுங்கள்.

9. வேலை தருகிறவர்களிடம் கேளுங்கள். சீனன்குடாப் பக்கம் பிரிமா மா ஆலையிலோ டோக்கியோ சீமெந்திலோ, நகரத்து வங்கிகளிலோ யாராவது சொந்தக்காரர் இருப்பார். "இந்தக் கம்பஸில் படிச்ச ஆக்கள் உங்கட இடத்தில இருக்கினமா, என்ன வேலையில?" என்று கேட்டால் போதும். "நூறு வீத வேலைவாய்ப்பு" என்று பதாகையில் போட்டிருப்பதை நம்பாமல், போன வருடம் வெளியேறிய மூன்று பேரின் நம்பரைக் கம்பஸிடமே கேளுங்கள். தர முடியாது என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

10. எல்லாம் பார்த்து, போகலாம் என்று முடிவெடுத்தால் சந்தோஷமாகப் போங்கள். காசை முகவரின் கையிலோ அவருடைய சொந்தக் கணக்கிலோ கொடுக்கவேண்டாம். கம்பஸின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போட்டு, சிட்டையைப் போட்டோக்கொப்பி எடுத்துவிட்டு மூலப்பிரதியை அம்மாவிடம் கொடுங்கள்.