கடையில் ஓம் கணக்கு

வோல்ட் என்பது அழுத்தம்; ஆம்பியர் என்பது ஓட்டம். இரண்டையும் பெருக்கினால் வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது பெரிதல்ல.

கடையில் தேநீருக்கு 1500 வாட் மின் கெட்டில் இருப்பதாகக் கொள்வோம். மின்சாரம் 230 வோல்ட். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். கெட்டிலின் தடை, 230-ஐ 6.5-ஆல் வகுக்க, சுமார் 35 ஓம். சிறிய பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர்தான். எனவே 16 ஆம்பியர் பாயிண்ட் தேவை.

பிளக் தளர்ந்து, தொடுமிடத்தில் அரை ஓம் தடை சேர்ந்தால்? அங்கே 3.25 வோல்ட் விரயமாகும். அதை 6.5-ஆல் பெருக்க, 21 வாட். ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அவ்வளவு சூடு, சாக்கும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய மூலையில். ஃபியூஸும் போகாது, ஓட்டம் கூடவில்லையே.

பிளக் தொட்டால் சுட்டாலோ, கருகல் வாடை வந்தாலோ மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஃப்ரீசருக்கு இந்தக் கணக்கு மட்டும் போதாது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனி லைன் போட்டுக்கொள்வது நல்லது.