திரையில் படம் மங்குவது ஏன்?

குடும்பப் படமொன்றைக் கணனித் திரையின் பின்னணியாக இடுகிறோம். முகங்கள் மங்கித் தெரிகின்றன. காரணம் என்ன?

கணனிப் படம் சிறு நிறப்புள்ளிகளால் ஆனது. படத்தின் அகலம் 640 புள்ளிகள், திரையின் அகலம் 1920 புள்ளிகள் என வைத்துக்கொள்வோம். திரையை நிரப்ப, படம் அகலத்திலும் உயரத்திலும் மும்மடங்காக வேண்டும். அப்போது ஒரு புள்ளி ஒன்பது புள்ளிகளின் இடத்தை நிரப்புகிறது. புதிய புள்ளிகளுக்குக் கணனி அயல் நிறங்களைக் கலந்து உத்தேசமாகவே நிறமிடுகிறது. ஆகவே கண், இமை ஆகியவற்றின் கூரிய விளிம்புகள் கரைகின்றன.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே வந்துசேரும். சுருக்கத்தில் இழந்த விபரம் மீளாது. ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். மறைந்த பாட்டனாரின் ஒரே படமெனில், மூலப்பிரதியைப் பேணிக் காப்பது நம் கடமை.